எதிர்முனையில் நீ இல்லாத பருவம்

என் தங்கச்சியைக் கட்டுவதற்கு முன்பே எனக்கு மச்சானாகிவிட்ட யோகா,

நீ போன பிறகு வந்த முதல் பருவம் இது. எங்கள் அணியின் துடுப்பாட்டம் எப்படி என்று கேட்காமலா இருப்பாய்? கேவலம், மச்சான். ஆட்டம் முடிந்ததும் கார் டிக்கியைத் திறந்துவைத்து, மட்டன் ரோல்ஸைக் கடித்தபடி ஒவ்வொருவனையும் கிழி கிழியென்று கிழிப்பாயே, அதற்கு இப்போது ஆளில்லை. பேசாமல் தின்றுவிட்டுப் போகிறோம்.

நடுவரிசைப் பொடியள்மேல் பிழையில்லை. அவர்கள் இறங்கும்போது புதுப்பந்தின் பளபளப்புக்கூடப் போயிருக்காது. அதற்குள் முதல் விக்கெட் விழுந்திருக்கும். பந்து துடுப்பில் படாமலா? நன்றாகவே படுகிறது. ஓட்டம் எடுப்பதில்தான் கோளாறு, அந்தக் கோளாறு நான்.

உன் இடத்தில், என்னோடு முதல் ஜோடியாக, இப்போது ரமணன் இறங்குகிறான். பிரான்ஸிலிருந்து வந்து இங்கே பக்கத்தில் கோலியர்ஸ் வுட்டில் குடியேறியவன், நல்ல ஆட்டக்காரன். நீயும் நானும் ஒருநாளும் வாய்திறந்து ஓட்டத்துக்குக் கூப்பிட்டதில்லையே. உன் தோள் சாய்ந்தாலே நான் பாதி வழி ஓடி வந்திருப்பேன். அதே பழக்கத்தில் இப்போதும் சத்தமில்லாமல் ஓடி அவன் முனைக்கே போய்விடுகிறேன். அவனோ, வயதில் மூத்தவன் அவுட்டாகக் கூடாதென்று, தான் கிரீஸை விட்டு மறுமுனைக்கு ஓடி ஆட்டமிழக்கிறான். எந்த வெள்ளைக்காரன் இந்த மரியாதையைச் செய்வான்?

போன ஞாயிறும் அதேதான். ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தான்.

"அண்ணை, அடுத்த கிழமை நான் வரேல்லை. வேற ஆளைப் பாருங்கோ."

"ஏனடா, கோவமோ?"

"கோவமில்லை. நீங்கள் ஓடி வரேக்கை என்னைப் பாக்கேல்லை அண்ணை. நான் அவர் இல்லை."

அவன் சொன்னது உண்மை, யோகா. ஓடும்போது நான் உன்னைத்தான் பார்க்கிறேன்.

உன் சுகந்தி இன்னும் ஞாயிறுகளில் திடலுக்கு வருகிறாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். திரும்பும்போது காரில் சொன்னாள்: "பின்னேரம் பக்கத்து வீட்டுக் கதவுச் சத்தம் கேட்டா, நானும் ரெண்டு கோப்பை தேத்தண்ணி ஊத்திப்போடுறன் அண்ணா. ரெண்டாவதைக் குடிக்க ஒருத்தரும் வாறேல்லை. உங்களுக்கு அந்தப் பொடியன் வந்து நிக்கிறான் எல்லோ."

காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். உன்னை எரித்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை. அவள் அழவில்லை, என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியவன் நான் அல்லவா?

மறுநாள் ரமணன் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிற்கவைத்து யோசித்தான். பிறகு, "வாறன் அண்ணை, ஆனா வாயைத் திறந்து கூப்பிடோணும்" என்றான்.

கூப்பிடுவேன். வருகிற ஞாயிறு அவன் முகத்தைப் பார்த்து, திடல் முழுக்கக் கேட்க, "ஓடு ரமணன்" என்று கத்துவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. அந்தச் சத்தம் உனக்கும் கேட்டால், மச்சான், நீ ஓடாதே. அங்கேயே நில்.

உன் சுகந்தியின் தமையன்,
என்றும் உனக்கு மச்சான்,
சிவம்