பதினொரு கிலோ

மார்ச் 4

இன்று என் கட்டிலைச் சுற்றி இருந்தவர்கள்: மூத்தவன், மூத்தவன் பெண்டாட்டி, அவர்கள் பெண்ணான என் பேத்தி, என் மகள், மாப்பிள்ளை. சின்னவன் வரவில்லை. வேலையாம். நாளைக்கு வந்தேன் என்று சாதிப்பான், அதற்காகத்தான் எழுதி வைக்கிறேன்.

தூரத்து ஊரில் இருக்கும் என் தங்கைக்கு இனி மருந்து வேலை செய்யாது என்று சொல்லிவிட்டார்களாம். அக்காவைக் கூட்டி வாங்க என்கிறாளாம். முப்பத்தாறு வருஷம் என் முகத்தில் விழிக்காதவள். அம்மாவின் கைத் தையல் மிஷினை நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று கோபம். அம்மா அதை அவளுக்குத்தான் என்று சொல்லியிருந்தாள். எனக்கும் தெரியும். புருஷன் போய் மூன்று பிள்ளைகளோடு நின்றவள் வேறு என்ன செய்வேன்? தைத்துத்தான் ஆளாக்கினேன்.

இடுப்பில் தகடு வைத்து நாலு மாதம். அரை மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது. டாக்டர் காரும் வேண்டாம், ரயிலும் வேண்டாம் என்கிறார். விமானக் கம்பெனிக்காரர்கள் படுத்துக்கொண்டு போக இடமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

பேத்திக்குத் தனி விமானம் வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கும் ஆபீசில் வேலை. "பாட்டி, ஒரு பார்ட்டியைக் கூட்டிட்டு வர எங்க விமானம் காலியா சின்னப் பாட்டி ஊருக்குப் போகுது. பன்னிரண்டாம் தேதி. அதையே நாம எடுத்துக்கலாம்."

எவ்வளவு என்று கேட்டேன். மூத்தவன் மருந்துச் சீட்டைத் தேட ஆரம்பித்தான்.

மார்ச் 7

சின்ன விமானம் என்றால் நடுவில் இறங்கி எண்ணெய் போட வேண்டுமாம். பெரியது நமக்கு எதற்கு? இது நடுத்தரம். மூன்றரை மணி நேரம் எங்கும் நிற்காது. உள்ளே நிமிர்ந்து நடக்கலாம். ஒரு பக்கம் நீளமாகச் சோபா, அதில் பெல்ட் போட்டு என்னைப் படுக்க வைப்பார்கள். மிச்சம் ஐந்து பேர் உட்காரலாம். நடுத்தரம் என்று அளவு சொல்லி என் தையல் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பொய் சொன்னவர்கள்.

அதுவும் இன்றைக்கே நடந்தது. ஒவ்வொருத்தர் எடையும் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். மூத்தவன் பெண்டாட்டி, "அறுபத்தெட்டு" என்றாள். நான் அவளுக்கு இருபத்தாறு வருஷமாகச் சட்டை தைக்கிறவள். அறுபத்தெட்டு அவள் கல்யாணத்தன்று. இப்போது எழுபத்தொன்பதுக்கு ஒரு கிராம் குறையாது. சொல்லவில்லை. வைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு உதவும்.

என் துணி வெட்டுகிற கத்தரிக்கோலால் காகிதம் வெட்டியவள் அவள். பதினெட்டு வருஷம் ஆகிறது. அந்த முனை இன்னும் துணியைக் கடிக்கிறது.

மார்ச் 9

மூத்தவன் பெண்டாட்டி புதுச் செருப்பு வாங்கியிருக்கிறாள். விமானத்தில் ஏறியதே இல்லையாம். வீட்டுக்குள் போட்டு நடந்து பார்க்கிறாள். பார்க்காத மாதிரி இருந்தேன்.

மார்ச் 11

விமானத்தை வாடகைக்குப் பிடித்த பார்ட்டி பயணத்தைத் தள்ளிப் போடலாம் என்று காலையில் ஒரு பேச்சு. அவர்கள் தள்ளினால் நமக்கும் விமானம் இல்லை. சாயங்காலம்தான் இல்லை, நாளைக்கே என்றார்கள். அதுவரை ஒரு பருக்கை உள்ளே இறங்கவில்லை. மூத்தவன் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, தங்கையிடம் கொடுக்க எடுத்து வைத்த மிஷினைத் துடைத்தாள். நான் துடைக்கச் சொல்லவில்லை.

மார்ச் 12

விமானத்தில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணல்.

பைலட் ஒரு பெண். வெயிலையும் பார்த்தாள், பேப்பரையும் பார்த்தாள், எங்களையும் பார்த்தாள். "அங்க ஓடுபாதை சின்னதுங்க. எல்லாரும் ஒரு தடவை தராசுல ஏறிடுங்க."

மாப்பிள்ளை நாலு கிலோ கூட. மூத்தவன் பெண்டாட்டி பதினொன்று. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பதினஞ்சு கிலோவுக்கா விமானம் விழுந்துடும்?" என்றான் மூத்தவன்.

"விழாதுங்க. ஆனா கணக்கைத் தாண்டி நான் எடுக்க மாட்டேன்."

கைப்பைகள் எல்லாம் இறங்கின. இன்னும் எட்டு கிலோ கூடுதல். எல்லாருடைய கண்ணும் மிஷின் பெட்டி மேல்.

"அம்மா, மிஷினை லாரியில அனுப்பிடலாம்மா" என்றான் மூத்தவன்.

"லாரி போய்ச் சேர்றதுக்குள்ள அவ போயிட்டா? மிஷின் வரலைன்னா நானும் வரலை. போங்க எல்லாரும்."

கொஞ்ச நேரம் வெளியே குசுகுசுப்பு. பிறகு சரியாகிவிட்டது என்றார்கள். மூத்தவனும் மாப்பிள்ளையும் என்னை நாற்காலியோடு படியில் தூக்கினார்கள். ஜன்னல் என் தலைக்கு மேலே, படுத்திருக்கிறவளுக்கு வானம் மட்டும்தான்.

மேலே போன பிறகு தண்ணீர் கேட்டேன். கேட்குமுன் நீளும் கை நீளவில்லை.

"உன் பெண்டாட்டி எங்கடா?"

மூத்தவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பேத்திதான் சொன்னாள். "அம்மா இறங்கிட்டாங்க பாட்டி. அப்பாதான் இறங்கறேன்னாரு. 'அத்தையைத் தூக்க ஆள் வேணும், நீங்க போங்க'ன்னுட்டாங்க. கதவு மூடற வரைக்கும் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க."

அந்தப் புதுச் செருப்போடு நின்று கை காட்டினாளாம்.

எழுபத்தொன்பது என்று அன்றைக்கே நான் சொல்லியிருந்தால்? முதல் நாளே யாராவது ரயிலில் கிளம்பியிருப்பார்கள். மாப்பிள்ளை கிளம்பியிருக்கலாம். அவர் இங்கே மேகத்தைப் போட்டோ எடுக்கிறார். உதவும் என்று பொத்தி வைத்தேனே — உதவிச்சா? யாருக்கு உதவிச்சு?

மார்ச் 13

தங்கை எலும்பும் தோலுமாகக் கிடக்கிறாள். என் கட்டிலை அவள் கட்டிலோடு ஒட்டிப் போட்டார்கள். மிஷினைக் காட்டினேன். தடவிப் பார்த்தாள். முப்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு:

"எண்ணெய் போட்டியாக்கா?"

"போடாமலா?"

"யாரு துடைச்சா? உனக்கு இவ்வளவு சுத்தம் வராதே."

மார்ச் 15

சின்னவன் வந்தான். ரயிலில். அழுதான். சரி.

மார்ச் 20

நடுவில் மிஷின், இரண்டு பக்கமும் நாங்கள் படுத்தபடி. கைப்பிடியை அவள் சுற்றுகிறாள். துணியை நான் நகர்த்துகிறேன். பத்துச் சுற்றுக்கு ஒரு தடவை மூச்சு வாங்குகிறாள். வேண்டாம் என்றால், "என் மிஷின், நான் சுத்துவேன்" என்கிறாள்.

நாங்கள் தைக்கிற சட்டையைப் பேத்தி எடுத்துப் பார்த்தாள். "யாருக்குப் பாட்டி? அளவே எடுக்கலையே?"

"எழுபத்தொன்பது கிலோவுக்கு."

தினமும் காலையில் போன் வருகிறது. "அத்தை, காலை நீட்டித்தானே படுத்திருக்கீங்க?" என்று. இறங்கினதைப் பற்றி நான் ஆரம்பித்தால், பால் பொங்குகிறது என்று வைத்துவிடுகிறாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை பால் பொங்கும்?

கத்தரிக்கோலால் காகிதம் வெட்டியதை இன்றோடு விட்டேன். சின்னவனையும் விட்டேன். மாப்பிள்ளையைக்கூட விட்டுவிடலாம்.

விமானத்திலிருந்து என்னிடம் சொல்லாமல் இறங்கினவளை மட்டும் சாகும்வரை மன்னிக்க மாட்டேன். என் மருமகள்.