முகூர்த்த நாள் தண்ணீர்

இன்று காலை, தண்ணீரில் கிருமி சாக ஓசோன் வாயு விடும் தொட்டியின் குழாயில் மாதிரி பிடித்தபோது அந்த வாசனை குப்பென்று ஏறியது. இடி இடித்து ஓய்ந்த தெருவில் வருமே, அது. உடனே நீ ஞாபகத்துக்கு வந்தாய். கம்பெனி ஆய்வகத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரி, கேள்வி கேட்டே ஆளை அரித்தெடுப்பவள்.

உத்திரமேரூரைச் சுற்றி நடக்கும் கல்யாணங்களுக்கெல்லாம் உன் தாய்மாமன் கம்பெனி கேன் தண்ணீர்தான். வாசனை தூக்கலாக இருந்தால்தான் சுத்தமான தண்ணீர் என்று இங்கே எல்லோருக்கும் நினைப்பு. அதனால் முகூர்த்தத்துக்கு முதல் நாள் மட்டும் ஆபரேட்டர் ஓசோனைக் கூட்டிவைப்பார். நாமோ சாதாரண நாளில் மாதிரி எடுத்து சென்னைக்குச் சோதனைக்கு அனுப்புவோம், எல்லாம் சரி என்று பதில் வரும்.

"ஓசோன் கிருமியக் கொல்லுது, சரி. அப்பால தண்ணியில இருக்கறது இன்னாவா மாறுது? முகூர்த்த தண்ணிய புடிச்சி அனுப்பிப் பாக்கலாம்டி" என்றாய். சென்னையிலிருந்து முடிவு வந்தது: புரோமேட், வரம்புக்கு மேல். நம் கிணற்று நீரிலுள்ள புரோமைடு உப்பு, ஓசோன் கூடக்கூட அப்படி மாறுகிறது. நாள்படக் குடித்தால் உடம்புக்கு ஆகாது, கொதிக்க வைத்தாலும் போகாது.

அந்த வாரம்தான் உனக்குக் கல்யாணம். தண்ணீர் மாமாவின் சீர்.

"என் தண்ணியவே குத்தம் சொல்றியா?" என்று மாமா எகிறினார். நீ அசரவில்லை.

"கொறச்சி வையி மாமா. கிருமி சாவற அளவு போதும். வாசனைக்கா கல்யாணம் பண்ணிக்கினு இருக்கேன்?"

முணுமுணுத்துக்கொண்டே குறைத்தார். மேடைக்கு எதிரே போட்ட பந்தியில், "இன்னாப்பா, கெணத்து தண்ணிய அப்டியே புடிச்சிக்கினு வந்துட்டாங்களா?" என்று ஒருவர் சத்தம் போட, உன் மாமியார் முகம் சுளித்தார். மணமேடையிலிருந்து நீ எனக்குக் கண்ணடித்தாய்.

மறுபடி வேலைக்கு வந்ததும் அடுத்த கேள்வி. "ஏரி ரொம்பினா மக்குன எல தழையெல்லாம் கெணத்துக்கு ஊறி வருமே, அதுல ஓசோன் பட்டா இன்னா ஆவும்?" மழைக்குக் காத்திருந்தோம். அதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. பாவி, பதிலைக் கேட்காமலே போனாய்.

இந்த வருடம் ஏரி நிரம்பி வழிந்தது. மாதிரி அனுப்பினேன், முடிவு கையில் இருக்கிறது: ஃபார்மால்டிஹைடு. இதுவும் உடம்புக்கு ஆகாத நஞ்சு, இதுவும் வரம்புக்கு மேல். ஓசோனுக்குப் பின்னால் கரி வடிகட்டி வைத்தால் குறையும் என்கிறார்கள். எவ்வளவு குறையும் என்று பார்த்துவிட வேண்டும் போலிருக்கிறது. உன் புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டது.

ஆனால் வடிகட்டி வரும்வரை கேன் அனுப்பக் கூடாது என்று மாமாவிடம் சொல்ல வேண்டும், அதுவும் தை முகூர்த்தங்கள் வரிசைகட்டி நிற்கும்போது. நீ அக்கா மகள், உன் வாய்த்துடுக்கைப் பொறுத்துக்கொண்டார். நான் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவள். இந்த வேலை போனால் வேறு இல்லை.

இதோ, உள்ளே வருகிறார். பயமாகத்தான் இருக்கிறது. "சார், ஒரு நிமிசம்" என்று எழுந்து நிற்கிறேன்.