நல்லொழுக்கப் பரிசு

இன்று காலை ஊக்கு தேடி இந்தத் தகரப் பெட்டியைத் திறந்தேன். துரு வாசம் குப்பென்று அடித்தது. உடனே நீ நினைவில் வந்துவிட்டாய். மூடியிலிருந்த மயில் பாதி உரிந்துபோயிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொடுத்த நல்லொழுக்கப் பரிசு இது. உன்னைக் காட்டிக்கொடுத்த வருஷம் வாங்கியது.

நம்மைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போன மாட்டுவண்டி ஞாபகமிருக்கிறதா புள்ள? தெருவில் யாரும் நம்மைப் பார்த்துவிடக் கூடாதென்று நாலு பக்கமும் திரை கட்டியிருப்பார்கள். உள்ளே வேர்த்து ஊற்றும். நீ மட்டும் திரையை விரலால் விலக்கி நாமக்கல் கோட்டை மலையைப் பார்த்துக்கொண்டே வருவாய். கூட வரும் பள்ளிக்கூட ஆயா உன் கையில் ஓர் அடி வைப்பாள்.

நீதிபோதனை வகுப்பில் டீச்சரம்மா, "பெண் குழந்தைகள் எதற்குப் படிக்க வேண்டும்?" என்று கேட்பார். "உண்மை, அடக்கம், ஒழுக்கம்" என்று எல்லோரும் ராகம் போடுவோம். நீயோ என் காதில், "எனக்கு மேப்புப் பாக்கோணும். நம்ம காவேரி எங்க போயி உழுகுதுன்னு தெரியோணும்" என்பாய். எட்டாவது பாஸ் பண்ணி டீச்சர் டிரெயினிங் போவேன் என்று அப்படியொரு பிடிவாதம் உனக்கு.

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நீ பெரியவளானாய். வீட்டுக்குத் தெரிந்தால் அன்றோடு படிப்பு நின்றுவிடும். அதுதான் நம் ஊர் வழக்கம். அம்மாவிடம்கூட மறைத்தாய். என் கையை மட்டும் பிடித்துக்கொண்டு, "ஆருகிட்டயும் சொல்லிப்போடாத" என்றாய். வகுப்பில் நீ சுருண்டு உட்கார்ந்து வயித்து நோவு என்றதும் டீச்சரம்மாவுக்குச் சந்தேகம். என்னை எழுப்பிக் கேட்டார். கைகட்டி நின்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். பாவி, அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது!

டீச்சரம்மா சொல்லியனுப்ப, சாயங்காலமே ஆயா உங்கம்மாவிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் உங்கள் வாசலில் வண்டி நிற்கவில்லை. பச்சை ஓலைக் குச்சு கட்டி உன்னை உள்ளே உட்காரவைத்திருந்தார்கள். மாட்டுமணிச் சத்தம் உனக்குக் கேட்டிருக்கும். திரையை விலக்கிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

பரமத்தி வேலூரில் உன்னைக் கட்டிக்கொடுத்தார்கள். வெற்றிலைக் கொடிக்கால், பக்கத்திலேயே ஆறு. ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது அழுதுவிட்டேன். "உம்பேர்ல கோவமில்ல புள்ள. நீ பாடத்தத்தான ஒப்பிச்ச?" என்று சிரித்தாய். நீ அடித்திருக்கலாம். அடுத்த வருஷமே பிரசவத்தில் போய்விட்டாய்.

இப்போது எதற்கு ஊக்கு என்றுதானே கேட்கிறாய்? என் மகளும் எட்டாவதுதான் படிக்கிறாள். விடிந்ததும் வந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டு காதில் சொன்னாள். இந்த வீட்டில் மாமியார் வைத்ததுதான் சட்டம். வாசல் தாண்ட நானே அவரைக் கேட்டாக வேண்டும். பழைய துணியை மடித்து அவளுக்கு ஊக்குக் குத்தி வெளியே கூட்டி வந்ததும் மாமியார் குரல் வந்தது.

"ஏஞ்சாமி, புள்ள மொகம் வாடிக் கெடக்குது?"

பரீட்சைக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.

"ஒண்ணுமில்லீங்க அத்தை. வயித்து நோவுங்க."

உன் பொய்தான் புள்ள. இத்தனை வருஷமாக நெஞ்சில் வைத்திருந்து இன்றைக்குத்தான் எடுத்தேன். எத்தனை நாளைக்குத் தாங்குமோ தெரியவில்லை.

பையை எடுத்துக்கொண்டு அவள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவள் பக்கத்தில் உட்காரும் பெண் என்னைப்போல நல்ல பிள்ளையாக இருந்துவிடக் கூடாது.