சித்தப்பாவின் கறுத்த காசுகள்

மார்ச் 3, செவ்வாய்

வாண்டு இப்போதுதான் கண்ணை மூடினான். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டேன், காய்ச்சல் இல்லை. எனக்குத்தான் இருக்கும்போல.

போன மாதம் போய்ச்சேர்ந்த சித்தப்பாவின் காசுப் பெட்டியும் ஸ்டாம்பு ஆல்பமும் அக்காவுக்காம். உயிலில் இருக்கிறதாம். குக்கர் மூடி யாருக்கு என்பதுபோல அம்மா போனில் சாதாரணமாகச் சொன்னாள்.

அக்காவுக்கா? ஸ்டாம்பில் பசை தடவி ஒட்டிய மகராசி அவள்! லீவு முழுக்கச் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்டாம்பை இடுக்கியால் எடுக்கவும், காசை விளிம்பில் மட்டும் பிடிக்கவும் பழகினவள் நான். கப்பல் என்ஜின் அறையில் வெந்துகொண்டே துறைமுகம் துறைமுகமாக அவர் சேர்த்த கதையெல்லாம் எனக்குத்தான் தெரியும்.

மார்ச் 4

"பழைய காசுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்? ஆன்லைன்ல வாங்கித் தரேன் விடு" என்கிறார் இவர். இவரிடம் சொன்னேன் பார், என்னைச் சொல்லணும்.

மார்ச் 8, ஞாயிறு

அம்மா வீட்டுக்கு அக்கா பெட்டியோடு வந்திருந்தாள். திறந்தாள். பாய்மரக் கப்பல் போட்ட அந்தப் பெரிய வெள்ளிக் காசு. அதே கறுப்பு, ஓரத்தில் மட்டும் லேசாக நீலம். வயிறு எரிந்தது. வேறு எப்படி எழுத?

அதை உள்ளங்கையில் போட்டு உருட்டுகிறாள்!

"ஏண்டி, எல்லாம் இப்படிக் கறுத்துக் கெடக்கே. தேய்ச்சா பளிச்சுன்னு ஆயிடுமா?"

தேய்க்கவே கூடாது. "அது அழுக்கில்லம்மா, அதோட தோலு" என்பார் சித்தப்பா. தேய்த்த காசை எந்தச் சேகரிப்பாளரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். நாக்கு நுனிவரை வந்தது.

"உன் பொருள், உன் இஷ்டம்" என்றேன். சிரித்துக்கொண்டே வேறு.

மார்ச் 9

போன் பண்ணிச் சொல்லிவிடலாமா? நாளைக்கு.

மார்ச் 12

சொல்லவில்லை. வாண்டுக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது, ஒரே அழுகை, நேரமில்லை.

பொய். அக்கா ஸ்டேட்டஸில் போட்ட புது சோபாவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்க நேரம் இருந்ததே.

மார்ச் 15, ஞாயிறு

அடக்கமுடியாமல் அம்மாவிடம் கேட்டேவிட்டேன். சித்தப்பாவுக்கு நான் என்ன குறை வைத்தேன்?

"நீதானடி சொன்ன? இந்தக் காசு கண்றாவியெல்லாம் என் வீட்டுப் பக்கமே வரக்கூடாது, புள்ள வாயில போட்டுக்குவான்னு! பாவம் அந்த மனுஷன், ஆசையா ஒண்ணை எடுத்துட்டு வந்தாரு. அப்படியே பாக்கெட்ல போட்டுக்கிட்டாரு."

சொன்னேனா?

சொன்னேன். வாண்டு தவழ ஆரம்பித்த சமயம். தரையில் சட்டைப் பட்டன் கிடந்தால்கூட ஓடிப்போய்ப் பொறுக்குவேன். பயத்தில் சொன்ன பேச்சை இப்படியா வேதவாக்காக எடுத்துக்கொள்வார்? அக்கா வீட்டில் குழந்தை இல்லை. பத்திரமான இடம் என்று நினைத்திருப்பார்.

ஆனாலும் எரிகிறது. இன்னும் கூடுதலாக.

மார்ச் 21, சனி

காலையில் அக்கா வந்தாள். ஒரு கையில் பெட்டி, மறு கையில் ஆல்பம்.

"டேய் தங்கம், பெரியம்மா என்ன கொண்டாந்திருக்கேன் பாரு!"

மேஜையில் கொட்டினாள். ஒவ்வொன்றும் புது ஸ்பூன் மாதிரி. கப்பலின் பாய்மரம் மழுங்கிப்போயிருந்தது.

"ஒரு வாரமா இதே வேலைடி. பேஸ்ட் போட்டுத் தேய்ச்சு, வெந்நீர்ல கொதிக்க வச்சு... உனக்குத்தான் எதைப் பாத்தாலும் கிருமியாச்சே! இனிமே பயமில்ல. இவன் பெரியவனாகுற வரைக்கும் மேல எடுத்து வை. இதெல்லாம் புள்ள இருக்கற வீட்டுல இருக்கணும்."

கப்பல் காசை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.

"ஸ்டாம்பும் பழுப்பேறிக் கெடக்கு. ஈரத்துணியால ஒரு தடவ இழுத்துட்டா—"

"தொடாத!"

கத்திய கத்தலில் வாண்டு வீறிட்டான். அதன்பிறகு எல்லாம் தானாகக் கொட்டிவிட்டது: தேய்க்கக் கூடாது என்பது, அன்றைக்கே எனக்குத் தெரியும் என்பது.

அக்கா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

"தெரிஞ்சேவா சும்மா இருந்த?"

நான் வாண்டைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தேன். அவன் அழுகையை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது.

அவன் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். ஆல்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். செருப்பு மாட்டும்போதுகூட என்னைப் பார்க்கவில்லை.

காசுகளைப் பெட்டியில் அள்ளிப்போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். விளிம்பில் பிடித்து எடுத்து வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.