மேற்கணக்கு அணியின் கிண்ணங்கள்

6.6.2005, திங்கள்

காலையிலிருந்து அடைமழை. ஹட்டன் பஸ் ஸ்டாண்டே தெரியாத அளவுக்கு மூடுபனி. கடை திறந்ததும் முதல் வேலை, கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைத்தது. இரண்டாவது வேலை, கணேஷைத் திட்டியது.

போட்டோ கொப்பி மெஷினுக்கு டோனர் வாங்க வேண்டும். டெலிபோன் பெட்டிக்குள் யாரோ வெற்றிலை துப்பியிருக்கிறார்கள். எருமை மாடுகள்.

திட்டாமல் என்ன செய்வது? தம்பியாயிற்றே, கடையில் ஒத்தாசையாக இருப்பான் என்று கேம் மூலையை இவன் பொறுப்பில் விட்டேன். இரண்டு டீவி, இரண்டு மெஷின். அரை மணிக் கணக்கில் விளையாட வருகிறார்கள். மழைக்கு ஆள் வராவிட்டால் இவனே உட்கார்ந்துவிடுகிறான். புட்போல். முன்பெல்லாம் செருப்புக் கடை ரஃபீக்கோடு சேர்ந்து விளையாடுவான், சத்தமும் சிரிப்புமாக இருக்கும். இப்போது தனியாக. கிண்ணம் சேர்க்கிறானாம். கேமுக்குள் ஒரு அறை, அறைக்குள் கண்ணாடி அலுமாரி, அதில் இவன் வென்ற கிண்ணங்கள். மேல் தட்டில் ஒரே ஒரு இடம் காலி. அதற்குத்தான் இவ்வளவு தவம்.

மத்தியானம் ரஃபீக் வந்து புலம்பினான். "யோகாக்கா, இவன் கெட்டுப் போயிட்டான். கோல் அடிச்சா எழும்பி ஆடுவோம் முன்ன. இப்ப ஒரு கோல் அடிச்சிட்டு பந்தப் பின்னாலயே தட்டிக்கிட்டு இருக்கான். கேட்டா, கோல் வாங்காம எல்லா மேச்சும் முடிக்கணுமாம், அப்பதான் அந்தக் கிண்ணமாம். இது ஒரு வெளாட்டா?"

கணேஷ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ வெளாடு. நான் ஜெயிக்கிறேன்."

ரஃபீக் சொல்வதுதான் எனக்கும் சரி. கிண்ணமெல்லாம் சும்மா படம் என்று அவனிடமே சொன்னேன். விளையாட்டென்றால் விளையாட வேண்டும். இதென்ன பாத்திரக் கடையா, தட்டுத் தட்டாக அடுக்கி வைக்க.

8.6.2005, புதன்

தூறல். கணேஷுக்கு ஊசி நாள். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் நெஞ்சு வால்வில் போய் உட்கார்ந்துகொண்டது, அதிலிருந்து மாதாமாதம் பென்சிலின். கண்டி டொக்டர் ஒபரேஷனுக்குத் திகதி தருவதாகச் சொன்னார். காத்திருக்கிறோம். கணுக்கால் வீங்கியிருக்கிறது. கேட்டால், "பஸ்ஸுல நின்னுகிட்டு வந்தது" என்கிறான். பொய்.

திரும்பி வரும்போது சீட் கிடைத்தது. சும்மா இருக்க முடியாமல் வாயைக் கிளறினேன்.

"டேய், அந்தக் கிண்ணத்துல டீ ஊத்திக் குடிக்கலாமா?"

"முடியாது."

"அப்பறம் என்னாத்துக்கு?"

பஸ் இரண்டு வளைவு தாண்டியது. பிறகு சொன்னான்.

"ஸ்கூல் ஸ்போட்ஸ் மீட்டுக்குக் கோடு போட்டது யாருன்னு ஞாபகம் இருக்கா? நான்தான். சிவபாலன் மாஸ்டர் சுண்ணாம்பு வாளியக் கையில குடுத்திருவாரு. போட்டு முடிச்சதும், ஓடாத, ஓரமா ஒக்காருன்னுவாங்க. எல்லாப் பயலும் நான் போட்ட கோட்டுல ஓடிப் போயி கிண்ணம் வாங்குவானுங்க. இந்தக் கேமுல என்னைய யாரும் ஒக்காரச் சொல்லல."

ஜன்னலைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

அணிக்குப் பெயர் கூட எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷன் பெயர்தான், மேற்கணக்கு. ஆட்டக்காரர்கள் எல்லாம் எங்கள் லயத்து வீடுகளில் உள்ளவர்கள் பெயர்கள். கோல்கீப்பர் யோகா. ஏன்டா நான் என்று கேட்டதற்கு, "நீதான் எதையும் உள்ள விட மாட்டியே" என்றான். பன்றி.

11.6.2005, சனி

கொஞ்சம் வெயில். கடையில் கூட்டம். துபாய்க்கு டெலிபோன் பேச வந்த ஒரு அம்மா பெட்டிக்குள்ளேயே அழுதுகொண்டு நின்றது, வெளியே மூன்று பேர் வரிசையில்.

அந்த நேரம் பார்த்து, "அக்கா, இங்க வந்து பாரு." ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிறதுதான். ஆனால் இன்றைக்குக் குரல் வேறு மாதிரி. போனேன்.

கடைசிக் கிண்ணம். திரையில் காகிதத் துண்டுகளாய்க் கொட்டுகிறது. மேற்கணக்கு அணி முழுக்கக் குதிக்கிறது. கோல்கீப்பர் யோகா கிண்ணத்தைத் தலைக்கு மேல் தூக்குகிறாள். எனக்கு மீசை வேறு வைத்திருக்கிறான். அப்புறம் அலுமாரியைத் திறந்து காட்டினான். மேல் தட்டும் நிறைந்துவிட்டது.

"பரவால்ல. தேச்சுக் கழுவ வேணாம், அதுவே பெரிய லாபம்" என்றேன்.

சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாகிவிட்டது. முதுகைத் தடவிவிட்டேன். முகம் மட்டும் அப்படியே மலர்ந்து இருந்தது. நான் அவனை அப்படிப் பார்த்து வருஷக்கணக்காகிறது.

ரஃபீக் மஸ்கெலியாவில் கல்யாண வீட்டில். வந்ததும் காட்டவேண்டுமாம். கடை பூட்டும்போது மெஷினிலிருந்து அந்தச் சின்னக் கறுப்புக் கார்ட்டை உருவி, துடைத்து, சட்டைப் பையில் போட்டு பட்டன் போட்டுக்கொண்டான். தினமும் நடக்கிற சடங்கு. கடையில் விட்டால் யாராவது கைவைத்துவிடுவார்களாம்.

14.6.2005, செவ்வாய்

கணேஷ் போய்விட்டான். ஆஸ்பத்திரியில், காலையில். நான் டீ வாங்கப் போயிருந்தேன்.

17.6.2005, வெள்ளி

மழை. கடை திறக்கவில்லை. எழுதினால் மனசு ஆறுமோ என்று பார்க்கிறேன்.

புதன்கிழமை அடக்கம். மேற்கணக்கு முழுவதும் பெரட்டுக்கு, வேலைக்குப் போகாமல் வந்திருந்தது. தப்பு மேளச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சிவபாலன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் பழக்கம் எதுவும் தெரியாது. ஆனாலும் குடையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை நின்றார்.

பெட்டி மூடுவதற்கு முன் பெரியப்பா, "அவன் கையில பொழங்கினது எதாச்சும் இருந்தா வைங்கம்மா" என்றார். அப்பாவுக்கு வெற்றிலைப் பை வைத்தோம். சித்தப்பாவுக்குத் தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி வைக்கப் போய் சண்டையே வந்தது. இவனுக்கு என்ன இருக்கிறது? ஆணியில் தொங்கிய பழைய சட்டையில் அந்தக் கார்ட் இருந்தது. எடுத்து, புதுச் சட்டைப் பையில் போட்டு, பட்டன் போட்டேன். தினமும் அவன் செய்கிற மாதிரியே.

சரியான காரியம் செய்ததாக நினைத்தேன். அன்றைக்கு மனசுக்கு இருந்த ஒரே ஆறுதல் அது.

21.6.2005, செவ்வாய்

கடை திறந்தேன். கேம் மூலையில் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். ரஃபீக் வந்து துணியை எடுத்தான். நான் தடுக்கவில்லை.

"யோகாக்கா, அவன்ட கார்ட் எங்க?"

"அவன் பையில."

"எந்தப் பையில?"

சொன்னேன். அவன் முகம் போன போக்கு. மெஷினைப் போட்டு, அலுமாரியைத் திறந்து காட்டினான். எல்லாத் தட்டும் வெறுமை. மேற்கணக்கு என்று ஒரு அணியே இல்லை.

"அக்கா, எல்லாம் அந்தக் கார்ட்டுலதான் இருந்திச்சு. மெஷினுக்குள்ள ஒன்டும் இல்ல."

நான் அதை மெஷினுக்கு ஒரு சாவி என்று நினைத்திருந்தேன். சாவி போனாலும் பெட்டிக்குள் சாமான் இருக்கும்தானே. இப்படித்தான் நினைத்தேன். கடையில் ஆள் நின்றது. அவர்கள் முன்னாலேயே அழுதேன்.

ரஃபீக் போகும்போது கேட்டான். "கடைசிக் கிண்ணம்... எடுத்தானா?"

"எடுத்தான். நான் பாத்தேன்."

"சரி அக்கா" என்று தலையாட்டினான். அழுகிறவளுக்கு ஆட்டுகிற தலையாட்டல். அவன் நம்பவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை.

26.6.2005, ஞாயிறு

குளிர். அம்மா ஹட்டனுக்கு வந்தது. பதினாறாம் நாள் சாமான் வாங்க என்று சொன்னாலும், அதற்கில்லை. நேரே கேம் மூலைக்குப் போய் நின்றது. கொழுந்து பறித்துக் கறுத்த விரலால் மெஷினைத் தொட்டுப் பார்த்தது.

"அவன் ஜெயிச்சதெல்லாம் இந்தப் பொட்டியிலதான இருக்கு? ஒரு தடவ காட்டும்மா. பதினாறுக்கு முன்ன பாத்திரணும்."

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். கரண்ட் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

அம்மா மெஷினிலிருந்து கையை எடுத்தது.

"பட்டன் போட்டியா?"

"போட்டேம்மா."

"அப்ப தொலையாது" என்றது. பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டது.

29.6.2005, புதன்

கருமாதி. படையல்: சோறு, கோழிக் குழம்பு, அவித்த முட்டை, மீன் வைத்த மாலு பாண், கிரீம் பிஸ்கட், ஒரு சோடா. உப்பு அதிகம் அவனுக்குக் கூடாது என்று டொக்டர் சொன்னது நினைவு வந்து, குழம்பை ருசி பார்த்தேன். பைத்தியம். இனி யாருக்கு.

ரஃபீக் ஓரமாக நின்றிருந்தவன் கிட்டே வந்து சொன்னான். "யோகாக்கா, புது கார்ட் ஒன்டு நான் வாங்குறன். அவன்ட டீம் பேரே போட்டு, எல்லாக் கிண்ணத்தயும் திரும்ப எடுத்துத் தாறன். கொஞ்ச மாசம் ஆகும். உங்கட உம்மாவுக்குக் காட்டலாம்."

நல்ல பையன். மனசாரத்தான் சொன்னான். ஆனால் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது.

"வேணாம். நீ எடுத்தா அது ஒன்னோடது. அவன் எடுத்தது ஆகாது."

"கிண்ணமெல்லாம் சும்மா படம்னு என் பக்கம்தான பேசினீங்க முன்ன?"

ஆமாம், பேசினேன். இப்போதும் படம்தான் என்கிறேன். அதில் டீ குடிக்க முடியாது, அடகு வைக்க முடியாது. வெறும் படம் என்றால் இவன் திரும்பவும் செய்து தந்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே? முடியவில்லை. யார் எடுத்தால் என்ன என்று இருக்கிற பொருள் இல்லை அது. அவன் உட்கார்ந்து, அவன் விரல், அவன் பிடிவாதம். அப்படியென்றால் மதிப்பு இருக்கிறதா? ஆனால் ரஃபீக்கோடு சேர்ந்து குதித்துச் சிரித்த நாட்களை அந்த அலுமாரி தின்றதும் உண்மை. அதற்கு யாரும் கிண்ணம் தரவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு எனக்கு ஒரு முடிவுக்கு வரத் தெரியவில்லை.

இலையில் காகம் வந்து முட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. அம்மாவுக்குச் சந்தோஷம்.

2.7.2005, சனி

டோனர் வந்துவிட்டது. போட்டோ கொப்பி தெளிவாக வருகிறது.

மத்தியானம் ஆள் இல்லை. அவன் ஸ்டூலில் உட்கார்ந்து மெஷினைப் போட்டேன். முதல் தடவை. கார்ட் இல்லை, எதுவும் சேமிக்க முடியாது, தொடரவா என்று கேட்டது. ஆமென்று அழுத்தினேன். எந்தப் பொத்தான் என்ன என்று ஒரு எழவும் தெரியவில்லை. என் ஆள் மைதானத்துக்கு வெளியே ஓடுகிறான். என் கோலிலேயே ஒன்று போட்டுக்கொண்டேன். ரஃபீக் எட்டிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கணேஷ் போன பிறகு இந்தக் கடையில் கேட்ட முதல் சிரிப்பு. எனக்கும் வந்தது. உடனே குற்றம் செய்த மாதிரி இருந்தது. அப்புறம் இல்லை.

5.7.2005, செவ்வாய்

மழை. நாலு அணி மோதுகிற ஒரு குட்டிக் கிண்ணம் இருக்கிறது. அலுமாரியில் கீழ்த் தட்டில், மூலையில் வைக்கிற சாமான். கணேஷ் அதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருப்பான். நான் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். மெஷினை நிறுத்தினால் எல்லாம் அழிந்து, மறுநாள் முதலிலிருந்து. ரஃபீக் கார்ட் வாங்கச் சொல்லி நச்சரிக்கிறான். வாங்கவில்லை.

விரல் வலிக்கிறது. அவனுக்கும் வலித்திருக்கும், சொன்னதே இல்லை.

7.7.2005, வியாழன்

காலையில் வெயில், பத்து மணிக்கெல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது. சிவபாலன் மாஸ்டர் தவணைப் பரீட்சைத் தாள் கட்டோடு வந்தார். போட்டோ கொப்பி மெஷின் தானாக ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் பேப்பர் வாசித்தார். நான் ஸ்டூலில்.

கடைசி மேச். பந்தைப் பின்னால் தட்டத்தான் பார்த்தேன். கை தப்பி நேராகப் போய் கோலுக்குள் விழுந்தது. அதற்கப்புறம் கணேஷ் மாதிரியே பின்னால் தட்டிக்கொண்டு, தட்டிக்கொண்டு, விசில் அடிக்கும் வரை மூச்சே விடவில்லை. காகிதத் துண்டுகள் கொட்டின. குட்டிக் கிண்ணத்தை யாரோ ஒருவன் தூக்கினான்.

"டேய், இங்க வந்து பாரு" என்றேன்.

சத்தமாகவே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கடையில் யார் இல்லை என்பது உறைத்தது.

மாஸ்டர் பேப்பரை மடித்து வைத்தார். எழும்பி வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"கிண்ணமோ, பிள்ளை?"

"ஆமா சேர். நான் ஜெயிச்சேன்."

"வடிவா இருக்கு." இன்னும் குனிந்து பார்த்து, "கணேசும் இதையோ விளையாடினவன்?" என்றார்.

"எல்லாக் கிண்ணமும் எடுத்தான் சேர். கடைசிக் கிண்ணம் வரைக்கும். ஆனா காட்டுறதுக்கு ஒன்னும் இல்ல. நான் மட்டுந்தான் பாத்தேன்."

"நீங்கள் பார்த்தனீங்கள்தானே" என்றார். "பிறகென்ன."

கார்ட் இல்லாவிட்டாலும் வழக்கம்போல் திரையில் கேள்வி வந்து நின்றது. இதைச் சேமிக்கவா? மாஸ்டர் இன்னும் என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். இல்லை என்று அழுத்தினேன்.