சிங்க் முன்னால் நின்றது யார்

பிப்ரவரி 4
சமையலறைக் குழாய் இன்னும் மக்கர். பாதிக்கு மேல் திறந்தால் சீறியடிக்கிறது. பிளம்பர் நாளை வருகிறேன் என்கிறார், ஒரு வருஷமாக.

இன்று வகுப்பில் இயற்பியல் வரலாறு. ஒரே விதிக்கு ஒரு நாட்டுப் புத்தகத்தில் ஒருவர் பெயர், கடல் தாண்டினால் இன்னொருவர் பெயர். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி: "அவங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா இருந்திருந்தா சண்டையே வந்திருக்காது மிஸ்." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

பிப்ரவரி 9
நானும் என் புருஷனும் எழுதிய கட்டுரையை ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. குழாய்த் தண்ணீர் தட்டில் விழும்போது சுற்றிலும் ஒரு வளையம் எழும்புமே, அதைப் பற்றி. அதன் அளவைப் புவியீர்ப்புதான் தீர்மானிக்கிறது என்று படித்திருந்தோம். பாத்திரம் கழுவும்போது, தட்டைச் சாய்த்தாலும் வளையம் மாறவில்லை, அப்படியானால் காரணம் புவியீர்ப்பு இல்லை என்று பார்த்தது நான். ஈரக் கையோடு ஓடிப்போய் அவனிடம் சொன்னது நான். கணக்கு இருவரும் போட்டோம். பெயர் வரிசையில் அவன் முதலில். அகர வரிசைதானே என்றான். சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

பிப்ரவரி 17
துறையில் ஒரே ஒரு நிரந்தர வேலை வருகிறது. நாங்கள் இருவருமே ஒப்பந்த விரிவுரையாளர்கள். வளையத்தைக் கண்டுபிடித்தவருக்குத்தான் அது என்று துறைத் தலைவி சொல்லிவிட்டாராம்.

இன்று கருத்தரங்கில் அவன் பேசினான். "ஒருநாள் பாத்திரம் கழுவிட்டிருந்தேன்" என்று ஆரம்பித்தான்.

பாத்திரமா? இவனா? கல்யாணமானதிலிருந்து ஒரு டம்ளரை அலசியதில்லை. சாய்த்த தட்டு, ஈரக் கை, ஓட்டம் — எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான். எல்லாரும் கைதட்டினார்கள். நானும்தான்.

பிப்ரவரி 18
கேட்டுவிட்டேன். பொய் சொல்கிறவன் முகமில்லை அது. நிஜமாகவே தான்தான் அங்கே நின்றதாக நினைக்கிறான்.

"நமக்குள்ள என்ன, நீ முதல்ல நான் முதல்லன்னு?"

"அப்போ என் பேரையே சொல்லிடு."

டிவியைப் போட்டான். அதற்குள் அத்தை, அவன் அம்மா, வந்துவிட்டார்; "சாப்பிட வாங்க" என்று நானும் மாற்றிக்கொண்டேன். அத்தை இருந்தால் நீங்க, இல்லாவிட்டால் நீ. கூடப் படித்தவனைக் கட்டிக்கொண்டதற்குத் தண்டனை.

பிப்ரவரி 22
துறைத் தலைவியிடம் நானே போய்ச் சொல்லலாம். சொன்னால், புருஷனோடு போட்டி போடுகிறாள் என்பார்கள். அவன் சொன்னால் அது வரலாறு.

மார்ச் 1
கல்லூரிக்காக, வளையம் கண்டுபிடித்த கதையைப் பற்றி ஒரு குறும்படம். கேமராக்காரரோடு துறைத் தலைவியே வீட்டுக்கு வந்தார். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சிங்க் முன்னால் நின்றான். சும்மா நடிக்காம நெஜமாவே கழுவுங்க சார் என்றார் கேமராக்காரர்.

குழாயை முழுசாகத் திறந்தான். சட்டையெல்லாம் தண்ணீர். அவசரமாக மூடிவிட்டு மேல் அலமாரியைத் திறந்தான். பிறகு கீழ் அலமாரி. பிறகு என்னைப் பார்த்தான்.

"ஏய், ஸ்க்ரப்பர் எங்க?"

அத்தை எழப்போனார். கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"நீதானே கழுவின. உனக்குத் தெரியாதா?"

அத்தை எதிரில் முதல் 'நீ'. அவன் காது சிவந்துவிட்டது. துறைத் தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போகும்போது வாசலில் என்னிடம் மட்டும் கேட்டார்: "அன்னைக்குத் தட்டை ஏம்மா சாய்ச்சே?"

"ஓரத்துல எண்ணெய் போகல மேடம். அதுக்குத்தான்."

சிரித்துக்கொண்டே படியிறங்கினார். புவியீர்ப்பைச் சோதிக்க என்று ஏதாவது கம்பீரமாகச் சொல்லியிருக்கலாமோ? சொல்ல வரவில்லை.

மார்ச் 2
வீட்டில் குழாய் மட்டும்தான் பேசுகிறது.

மார்ச் 20
வேலை எனக்கு. ஆணையில் என் பெயர். நாலு தடவை படித்தேன்.

யாருக்கு வந்தால் என்ன, வீட்டுக்குத்தானே என்றார் அத்தை. அவனுக்கு வந்திருந்தாலும் இதையே சொல்லியிருப்பாரா? அவன் கைகொடுத்தான். நன்றாகத்தான் சிரித்தான். சாப்பிட்டு எழுந்து போய், குழாயைப் பாதி மட்டும் திறந்து, தட்டைக் கழுவி வைத்தான்.

அவன் தட்டை மட்டும்.