கேரவனின் முன்சுவர்

அன்பு மகள் நீன்கேவுக்கு,

நான் நலம் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை, அதனால் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன் என்று மட்டும் எழுதுகிறேன், நியூசிலாந்தில் நீயும் அந்த மூன்றையும் விடாமல் செய்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். பால் கறந்து கறந்து கை வெடித்துவிட்டது என்று எழுதியிருந்தாய், மாட்டு மடிக்குப் போடும் களிம்பையே கைக்கும் போட்டுக்கொள், உன் அம்மா அதைத்தான் போடுவாள், கடையில் விற்கும் வாசனைக் களிம்பெல்லாம் வீண். இங்கே ஏப்ரல் வந்தும் காற்று அடங்கவில்லை. பக்கத்து வீட்டு பௌக்கே வாரத்துக்கு ஒருமுறை பட்டாணி சூப் கொண்டுவந்து வைத்துவிட்டு, இன்னும் உயிரோடு இருக்கிறேனா என்று என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுப் போகிறாள். உன் கடிதத்தின் கடைசி வரியை நான் பலமுறை படித்தேன். தாத்தாவிடம் நீங்கள் போய்ப் பேசாவிட்டால் ஜூலையில் மாடுகளுக்குப் பால் வற்றி லீவு கிடைத்தாலும் நான் ஊருக்கு வரப்போவதில்லை என்று எழுதியிருந்தாய். உன் அம்மா போன பிறகு இந்த வீட்டுக்கு வர இருப்பவள் நீ ஒருத்திதான், அது உனக்கும் தெரிந்துதான் எழுதியிருக்கிறாய். பதில் எழுத ஏன் இத்தனை நாள் ஆனது என்று சொல்கிறேன்.

நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் என் பக்கத்தை ஒருமுறை எழுதிவிடுகிறேன். போன மே மாதம் டாக்டர் சரி என்று சொன்னதும், நோயில் கிடந்த அம்மாவைக் கடல் பார்க்க அமேலாண்ட் தீவுக்குக் கூட்டிப்போகலாம் என்று தாத்தாவின் கொட்டகைக்குப் போனோம். காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துப்போகிற நம் சக்கரவீடு, அந்தக் கேரவன், குளிர்காலம் முழுக்க அங்கேதான் நின்றது. காரில் பூட்டுவதற்கு முன் முன்சுவரின் இடது கீழ் மூலையில் கட்டைவிரலை வைத்தேன், விரல் உள்ளே போய்விட்டது, நனைந்த ரொட்டியில் போவதுபோல, அதை நெடுஞ்சாலையில் இழுத்தால் சுவர் பிய்ந்துவிடும். ஜன்னலைச் சுற்றிப் பார்த்தால் புதிதாக வெள்ளை சிலிக்கான் பசை பூசியிருந்தது. கேட்டதற்கு உன் தாத்தா, டிசம்பரில் ஜன்னலோரம் சொட்டுவதைப் பார்த்துப் பூசியதாகவும், எங்களுக்கு இருக்கிற கவலை போதாதா என்று சொல்லாமல் விட்டதாகவும் சொன்னார். வீடு வீடாகப் போய்ச் சுவரில் ஈரம் பார்ப்பதுதான் என் பிழைப்பு. வெளியே சிலிக்கானை அப்பினால் உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மரத்தை அழுகவைக்கும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிபவன். அன்றைக்கு அவரிடம் நான் சொன்னதை நீ பக்கத்தில் நின்று கேட்டாய். "உங்க மக கடலைப் பாக்காமலே போகப்போறா மாமா. அதுக்கு நீங்க பூசுன இந்த ஒரு ட்யூப் போதும்." தீவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கலாம் என்று அம்மாவிடம் சொன்னேன், கேரவனின் அந்தப் படுக்கையைத் தவிர வேறு எதிலும் தன் முதுகு படுக்காது என்றாள், ஜூன் வந்ததும் வலியில் எதிலுமே படுக்க முடியவில்லை. நான் மரத்தில் குத்தி ஈரம் அளக்கும் ஈரமானியை எடுத்துக்கொண்டு கேரவனுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்ததைப் பார்த்து, "எல்லாத்தையும் குத்திக் குத்திப் பாக்குறியே, என்னையும் ஒரு தடவ குத்திப் பாரு, எத்தனை சதவீதம் மிச்சம்னு சொல்லு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்டோபரில் அம்மாவின் அடக்கத்துக்குத் தாத்தா வந்தார், என் பக்கத்தில் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. ஜனவரியில் நீ விமானம் ஏறிவிட்டாய்.

மார்ச்சில் ஆடுகள் குட்டி போடுவதற்குக் கொட்டகையைக் காலி செய்ய வேண்டும் என்று தாத்தா பௌக்கேயிடம் சொல்லி அனுப்பினார், என்னிடம் சொல்லவில்லை. அவர் இல்லாத நேரமாகப் பார்த்து, கேரவனை மெல்ல மெல்ல இழுத்து எங்கள் கம்பெனி ஷெட்டில் நிறுத்தினேன். என்னோடு வேலை பார்க்கும் சீட்ஸே சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சக்கரம் வெச்ச ஸ்பாஞ்சுடா இது, எரிக்கக்கூட முடியாது, புகைஞ்சுக்கிட்டே கெடக்கும்" என்றான். உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை, ரிப்பேர் செய்வதற்காக நான் அதைத் திறக்கவில்லை. உன் தாத்தாவின் சிலிக்கான் என்ன செய்திருக்கிறது என்று படம் பிடித்து உனக்கு அனுப்பி, இதைப் பார்த்த பிறகும் நான் போய்ப் பேச வேண்டுமா என்று கேட்கத்தான் திறந்தேன்.

ஜன்னலைக் கழற்றினேன். உள்பக்கத்து ஒட்டுப்பலகை கையோடு வந்தது. ஆனால் ஜன்னலைச் சுற்றி, சிலிக்கான் பூசிய இடத்துக்கு நேர் பின்னால் இருந்த சட்டம் ஈரமே இல்லாமல் வெளிறிக் கெட்டியாக இருந்தது, ஈரமானியைக் குத்தினால் வீட்டுக் கதவில் காட்டும் எண்ணைத்தான் காட்டியது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து வேறொன்றை வைத்துப் பார்த்தேன், அதுவும் அதையே சொன்னது. அழுகிய கறுப்பு மேலேயிருந்து வந்தது. இடது மேல்மூலையில் கூரையும் சுவரும் சேருகிற அலுமினியப் பட்டையைக் கழற்றினேன், திருகாணிகள் துருவாகக் கொட்டின. அந்தப் பட்டைக்கு அடியில் நீளத்துக்கும் தண்ணீர் புகாதபடி மக்குப் பசை வைத்து அடைத்திருக்க வேண்டும், தொழிற்சாலையில் செய்கிற முதல் வேலை அது. ஒரு கையகல நீளத்துக்கு வைக்கவே இல்லை, தகரம் புதிதுபோல மின்னியது. தண்ணீர் அங்கே நுழைந்து மூலைக்கட்டை வழியாகத் தரைவரை இறங்கியிருக்கிறது, அதில் ஏதோ கொஞ்சம் ஜன்னலோரம் வழிந்ததைத்தான் உன் தாத்தா பார்த்திருக்கிறார். ஒட்டுப்பலகையின் பின்பக்கம் ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு பழுப்புக் கோடு விட்டுப் போயிருந்தது, ஒன்றுக்கு வெளியே ஒன்றாக. எண்ண ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். உனக்கு ஆறு வயதில் நீ அந்த மூலைப் படுக்கையில் தூங்கினாயே, அப்போதே உன் தலைமாட்டில் ஊறிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தச் சிலிக்கான் நல்லதும் செய்யவில்லை, கெட்டதும் செய்யவில்லை. தாத்தா டிசம்பரிலேயே என்னிடம் சொல்லியிருந்தாலும், அம்மாவை வாராவாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்த நான் சுவரைத் திறந்திருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை செய்த வண்டி என்று நம் ஊரில் சொல்வார்களே, அதுதான். யாரோ ஒருவன் நீ பிறப்பதற்கு முன்னால் ஒரு காலையில் தூக்கக் கலக்கத்தில் கையை எடுத்துவிட்டான். அவனுக்குப் பெயர் தெரியாது, முகம் தெரியாது, உயிரோடு இருக்கிறானோ இல்லையோ. அவனை எங்கே போய்த் திட்டுவது? ஷெட்டில் அந்தப் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன் மகளே. ஒரு வருஷமாகத் திட்டுவதற்கு எனக்கு ஒரு ஆள் இருந்தார், அன்றைக்கு அவரும் இல்லாமல் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தாத்தா வீட்டுக்குப் போனேன். குட்டிகளுக்குப் புட்டியில் பால் கொடுத்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. படங்களைக் காட்டினேன், மக்கு இல்லாத இடத்தைக் காட்டினேன், சிலிக்கானால் வந்தது இல்லை, உங்கள் மேல் தப்பில்லை என்று சொன்னேன். ஒவ்வொரு படத்தையும் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "அப்ப மரம் சொல்லுச்சு, அதனால வந்த. மரம் சொல்லலேன்னா வந்திருக்க மாட்ட" என்றார். ஆமாம் என்றேன். படங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உன் அம்மா பேசுவதுபோலவே நிதானமாகச் சொன்னார். "என் பொண்ணுக்கு மண்ணு போடறப்ப நான் கடைசி வரிசையில நின்னேன் மாப்ள. அதுக்கு உன் மெஷின் எத்தன காட்டும்?" பிறகு அடுத்த குட்டியைத் தூக்கிக்கொண்டார். நான் வந்துவிட்டேன். மன்னிப்பு என்ற வார்த்தையை வாய்வரை கொண்டுபோயிருந்தேன், அதற்கு அங்கே இடமில்லை.

அதன் பிறகு செய்ய வேறொன்றும் இல்லாததால் நிஜமாகவே ரிப்பேர் செய்ய ஆரம்பித்தேன். அழுகிய சட்டங்களை நல்ல மரம் வரும்வரை வெட்டி எடுத்தேன், ஹீட்டரும் மின்விசிறியும் வைத்து உலர்த்தினேன், அவசரப்பட்டு மூடினால் மறுபடி அழுகும். புதுச் சட்டம் ஒட்டி, இடையில் தெர்மாகோல் வைத்து, பட்டைக்கு அடியில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மக்கு வைத்தேன். மிச்சம் இருந்தது முன்பக்கத்துத் தகரத்தை ஏற்றுவது. அதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மட்டும் தூக்கினால் நடுவில் மடிந்துவிடும். சீட்ஸே லீவில் இருந்தான். பௌக்கேயிடம் புலம்பியிருப்பேன் போலிருக்கிறது, சனிக்கிழமை காலை உன் தாத்தா ஷெட் வாசலில் நின்றார். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு மறுமுனையைப் பிடித்தார். இடது பக்கம் ஒரு நூல் அளவு ஏறியிருக்கிறது என்று கண்ணாலேயே காட்டினார், அவர் காட்டியதுதான் சரி. கடைசித் திருகாணிவரை தாங்கிக்கொண்டு நின்றார். முடிந்ததும் காபி போடுகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். இது யாருக்கு என்று கேட்டார், நீன்கேவுக்கு என்றேன். வருவாளா என்றார், தெரியாது, நாம் இரண்டு பேரும் பேசுவதைப் பொறுத்தது என்று எழுதியிருக்கிறாள் என்றேன். சைக்கிளில் ஏறியவர் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "நாம பேசிட்டோம்னு எழுதாத. நான் வந்தேன்னு மட்டும் எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படியே எழுதிவிட்டேன். அவர் வந்தார். நீ கேட்டது இதுதானா என்று எனக்குத் தெரியவில்லை, இதற்கு மேல் எங்கள் இருவரிடமும் இப்போதைக்கு இல்லை. போதும் என்று உனக்குத் தோன்றினால் வா, போதாது என்றால் அதையும் எழுது, கோபப்பட மாட்டேன். எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், உன்னைப் பெற்றவள் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். அங்கே உனக்குக் குளிர் தொடங்குகிறது, ரப்பர் பூட்ஸுக்குள் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி போடு. தாத்தாவுக்கு நீ தனியாகக் கடிதம் எழுது, நான் எழுதச் சொன்னேன் என்று அதில் எழுதாதே.

உன் அப்பா,
ஹில்கே